பேர் வெட்டும் மிஷின்

1

பார்சல் வியாழக்கிழமை காலை வந்தது. காரைக்குடியிலிருந்து வருகிற பார்சலைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். உலகத்தில் ஒருவரையும் நம்பாத யாரோ சுற்றிய மாதிரி மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு டேப். கொஞ்சம் சாய்த்தால் உள்ளே எவர்சில்வர் முனகுகிறது.

எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் பார்சல் என் மகள் கயலுக்கு வந்தது. கயல் பார்சல்களைச் சனிக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு மட்டுமே திறப்பாள். நடுவாரத்தில் திறந்தால் அந்த நாள் இரண்டாகப் பிளந்துவிடும் என்பாள். பிளந்த நாளை ஒட்டவைக்க எனக்குத் தெரியாது. அதனால் பார்சல் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல, எங்களோடு சாப்பிடாமல்.

லீட்ஸுக்கு நான் வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. மழை இங்கே பெய்வதில்லை, குடியிருக்கிறது. பகலில் ஒரு கிடங்கில் பெட்டிகளை எங்கே வைப்பது என்று ஆட்களுக்குச் சொல்கிறேன். மற்ற நேரத்தில் வரி உடைக்காமல் கவிதை எழுதுகிறேன். பெட்டியைத் திறக்காமல் இரண்டு நாள் இருக்க வேண்டிய மனிதன் வேறு என்ன செய்வான். திறக்க முடியாததைப் பற்றி எழுதுவான்.

2

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவுச் சாப்பாட்டில் தொடங்கியது. கயல் அப்போதுதான் படிப்பை முடித்து, வரைபடங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தெருக்கள், சாக்கடைகள், மின்கம்பங்கள் எல்லாவற்றையும் கோடுகளாக்கும் வேலை. கோடுகளோடு அவளுக்குப் பிரச்சினை இல்லை. மனிதர்களோடுதான்.

"அப்பா, அம்மா, எனக்கு ஆட்டிசம் இருக்குன்னு நினைக்கிறேன்" என்றாள்.

என் மனைவி சாந்தி நர்ஸ். ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும் பதறமாட்டாள். வீட்டிலும் அதே பழக்கம்.

"ரசம் ஊத்திக்க" என்றாள்.

"அம்மா, நான் சீரியஸா சொல்றேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். வெறும் சோத்தை எப்படித் திம்பே?"

கயல் வெறும் சோற்றைத்தான் தின்பாள். ரசம் தனிக் கிண்ணத்தில். அப்பளம் இரண்டையும் தொடாமல் மூன்றாவது தட்டில். பதினைந்து வருஷமாக ஒரு சாப்பாட்டுக்கு மூன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நானும் அதை வினோதம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரில் என் அக்காவின் பாத்திரக்கடை வீட்டில் வளர்ந்த பிள்ளை, பாத்திரம் கூடுதலாகத்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

அவள் சொன்னாள். ஆபீசில் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள். நாற்பது கீபோர்டு, ஒரு காபி மிஷின். அவளுக்கு நாற்பதும் தனித்தனியாகக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். அவள் போவதில்லை. மேலாளர் கூப்பிட்டு, உனக்கு எங்களைப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். இவள் யோசித்துப் பார்த்து, சிலரை, என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். "அதுக்கு attitude-ன்னு எழுதிட்டாங்க. தகுதிகாண் காலத்தை நீட்டிட்டாங்க. அப்பா, நான் திமிர் பிடிச்சவளா, இல்ல இது வேறயா? எனக்கு அது தெரியணும். திமிர்னா மாத்திக்கறேன். வேறன்னா ஒரு மூலையில சீட்டும் ஹெட்ஃபோனும் கேட்பேன். எதுன்னே தெரியாம என்னால அங்க உட்கார முடியாது."

ரசம் ஆறிப்போயிருந்தது. சாந்தி தன் கிண்ணத்தை நகர்த்தினாள். "நாளைக்கு டாக்டருக்குப் போன் போடு" என்றாள்.

3

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தத் தேசத்தின் வைத்தியத்தை விளக்க வேண்டும். இலவசம். அதனால் வரிசை. வரிசையில் சேர ஒரு வரிசை. போனில், நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்று ஒரு குரல் சொல்லும். பிறகு பியானோ. பிறகு மறுபடியும் முக்கியமானவர். முக்கியமானவராக இருந்து இருந்து எனக்குக் காது வலித்தது.

முதல் டாக்டர் கயலைப் பார்த்து, நீங்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களே என்றார், குற்றம் கண்டுபிடித்த மாதிரி. "கண்ணைப் பார்க்கலை, உங்க புருவத்தைப் பார்க்கிறேன்" என்றாள் இவள். அவர் உடனே சிபாரிசுக் கடிதம் எழுதினார்.

அதன் பிறகு காத்திருப்பு. இரண்டு தீபாவளி போனது. கடைசியில் ஹெலன் என்ற உளவியலாளர் கூப்பிட்டார். நிதானமான குரல், பெரிய கம்மல். கயலோடு இரண்டு முறை நீளமாகப் பேசினார். பிறகு எங்களிடம் சொன்னார்: இது பெரிய வயதில் திடீரென்று வருவதில்லை. சின்ன வயதிலேயே தடயம் இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு முன்னால் இவளைத் தினமும் பார்த்து வளர்த்தவர்கள் யாராவது என்னோடு பேச வேண்டும். அது இல்லாமல் நான் உறுதியாக எதையும் எழுத முடியாது.

சாந்தியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் விசா வந்தபோது கயலுக்குப் பத்து மாதம். சாந்திக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை, தங்கியது ஓர் அறை. ஐந்து வயது வரை கயல் வளர்ந்தது காரைக்குடியில், என் அக்கா வீட்டில். செக்காலை ரோட்டில் கீழே பாத்திரக்கடை, மேலே வீடு. அக்கா பெயர் மங்கை. அத்தான் சொக்கலிங்கம் கடைக்கு முதலாளி, அக்கா அவருக்கு முதலாளி.

"அப்ப மங்கை அத்தைதான் பேசணும்" என்றாள் கயல். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

என் அக்காவை எனக்குத் தெரியும்.

4

எங்கள் பக்கத்தில் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகம் பார்ப்பதற்கும் முன்னால் தெருவில் வந்து சும்மா விசாரிப்பார்கள். முக்குக் கடையில், இஸ்திரி போடுகிறவரிடம், எதிர்வீட்டில். பிள்ளை எப்படி என்று கேட்டதும் தெருவே ஒரே குரலாகிவிடும். அதுவரைக்கும் குழாயடியில் சண்டை போட்டவர்கள்கூட, தங்கமான பிள்ளை என்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெளியாள் வந்து நம் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் வாய் தானாக அப்படித் திறக்கும்.

என்னை விசாரிக்க என் மாமனார் வந்தபோது முக்கு டீக்கடைக்காரர், "அந்தத் தம்பியா? டீத்தண்ணிகூடத் தொடமாட்டாப்ல" என்று சொல்லிவிட்டார். நான் அவர் கடை பெஞ்சிலேயே வளர்ந்தவன். மாமனார் மகிழ்ந்துபோய்ப் பெண்ணைக் கொடுத்தார். இன்றைக்கும் கானாடுகாத்தானில் மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் டம்ளர் நிறையப் பால் வரும். எல்லாரும் டீ குடிப்பார்கள். நான் பாலைக் குடித்தபடி அந்த வாசனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். முதலில் நல்லபடியாகத்தான் போனது.

"டாக்டர் ஒருத்தர் பேசுவாங்கக்கா. கயல் சின்ன வயசுல எப்படி இருந்தான்னு கேப்பாங்க. உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"டாக்டர்னா ஊசி போடட்டும். விசாரிக்கிறது எதுக்கு?"

"இது வேற மாதிரி டாக்டர். அவளுக்கு என்னென்ன சிரமம் இருந்துச்சுன்னு சொன்னாத்தான் அவளுக்கு உதவி கிடைக்கும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"ஏன்டா தம்பி," என்றாள் அக்கா, "எவளோ ஒரு வெள்ளைக்காரி கேட்டான்னா நான் வளத்த பிள்ளையப் பத்தி நானே கொறை சொல்லணுமா? பிள்ளைக்கு இருவத்திமூணு வயசு. வேலைக்குப் போறா. சின்னப்பிள்ளையில எப்புடின்னு ஒரு பொம்பளை கேக்குது. இது என்ன விசாரிப்புன்னு எனக்குத் தெரியாதா? நீ கூச்சப்பட்டு மறைக்கிறே."

"அக்கா, சத்தியமா இது கல்யாணப் பேச்சு இல்ல."

"சரி சரி. நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே" என்று போனை வைத்தாள்.

அக்கா எதையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எங்கள் குடும்பத்தில் ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது.

5

வீடியோவில் சந்திப்பு. எங்களுக்குக் காலை பத்து மணி, அங்கே மதியம் கடை சாத்தியிருக்கும் நேரம். கயல் மடிக்கணினிக்கு முன்னால், சத்தத்தைத் தணிக்கும் ஹெட்ஃபோனோடு; பேச்சு எங்களுக்கும் கேட்க ஸ்பீக்கரில். நானும் சாந்தியும் அறையில் இருக்கலாம், பேசக் கூடாது என்று நிபந்தனை. நான் அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கப் படிக்கட்டு நல்ல இடம்.

வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது. அதனால் ஓர் உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். முகம் இல்லை, குரல் மட்டும். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

திரையில் காரைக்குடி வந்தது. அக்கா அரக்குப் பட்டில். கழுத்தில் லாக்கர் நகை. அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் தேன்குழல், அதிரசம். ஒரு பக்கம் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையில், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவர் மாதிரி. இன்னொரு பக்கம், நான் எதிர்பார்க்காத ஆள்: கோட்டையூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்த பிலோமினா டீச்சர். கயலின் நர்சரி டீச்சர். சாட்சி.

"எடுத்துக்கங்க" என்று அக்கா தட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டினாள். திரை முழுக்கத் தேன்குழல்.

உரைபெயர்ப்பாளர் தொடங்கினார். "வணக்கம் அம்மா. நீங்கள் கதைக்கிறது எல்லாத்தையும் கூட்டாமல் குறைக்காமல் நான் இங்கிலீசில சொல்லுவன். ஒண்டையும் விடமாட்டன்."

"வணக்கம், வணக்கம். குரலே நல்ல குடும்பம்னு சொல்லுதே. உங்களுக்குப் பிள்ளைக எத்தனை?"

அவர் சொன்னபடியே செய்தார். ஹெலனிடம் ஆங்கிலத்தில், அந்த அம்மா என் குரலைப் பாராட்டுகிறார், எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார் என்றார். ஹெலன் புன்னகைத்து, நீங்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். அதுவும் தமிழாகி ஊருக்குப் போனது.

அக்காவுக்கு அந்தக் குரல்தான் பையனின் அம்மா. டீச்சரின் பக்கம் சாய்ந்தாள். "சொல்ல மாட்டேங்கிறாக பாருங்க. ஒத்தப் பையன் போல."

அதுவும் ஆங்கிலமானது. ஹெலன் எதையோ எழுதினார். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கேள்விகள் தொடங்கின. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்த்ததா?

"கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிப்பா" என்றாள் அக்கா.

மற்ற குழந்தைகளோடு விளையாடினாளா?

"எங்க தெருவுல அவ இல்லாம விளையாட்டே கெடையாது."

அத்தான் கூரையைப் பார்த்தார்.

பொம்மையைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது மாதிரி பாவனை விளையாட்டுகள் உண்டா?

"பொம்மைக்கு எதுக்குச் சோறு?" அக்காவுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "அவ அறிவான பிள்ளை. ஒருநாள் நான் ஊட்டுனேன். இது திங்காது, பிளாஸ்டிக்குன்னு சொல்லிப்புட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அப்ப மூணு வயசு."

ஹெலனின் பேனா நீளமாக ஓடியது. அக்கா அதைக் கவனித்துத் திருப்தியோடு நிமிர்ந்தாள்.

டீச்சரின் முறை வந்தது. "என் சர்வீஸ்ல இப்படி அடக்கமான பிள்ளையப் பாத்ததில்ல" என்றார் டீச்சர். "ரெண்டு வருசம் என்கிட்ட இருந்தா. ஒரு வார்த்தை பேசுனதில்ல. எல்லாப் பிள்ளைகளும் மணி அடிச்சா ஓடும். இவ மட்டும் தண்ணித் தொட்டிக்கிட்டப் போயி, குழாயில சொட்டுச் சொட்டா விழுகறதப் பாத்துக்கிட்டு நிப்பா. அவ்வளவு ஒழுக்கம். நான் ஒருநாள் கண்ணாடிய மாத்திப் போட்டுக்கிட்டுப் போனேன். என்னைய அடையாளம் தெரியாமச் சாயங்காலம் வரைக்கும் அழு..."

"டீச்சர்," என்றாள் அக்கா, "அதிரசம் எடுத்துக்கங்க."

டீச்சர் வாயில் அதிரசம் போனது. ஹெலனின் பேனா நிற்கவில்லை. ஆனால் கயலின் விரல்கள் மேசை விளிம்பில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கேட்டது அக்காவின் பதில்கள் மட்டும்தான். ஒரு சிரமமும் இல்லை, ஒரு குறையும் இல்லை, ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் திமிர்தான். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஹெலன் அடுத்ததைக் கேட்டார். சத்தங்கள்? ஏதாவது சத்தத்துக்குக் குழந்தை வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதா?

"ஒண்ணும் கெடையாது" என்றாள் அக்கா. "பாத்திரக்கடையில வளந்த பிள்ளை. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் டம்ளரும் அண்டாவும் உருளும். ஒரு முனகல் முனகுனதில்ல. மூடிக எல்லாம் மாறிக் கெடந்தா அவதான் எது எதுக்குன்னு பொருத்தி வைப்பா."

"பேர் வெட்டுற மிஷினு" என்றார் அத்தான்.

அவர் அன்று பேசிய முதல் வார்த்தை அது.

இதை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பேர் வெட்டாத பாத்திரம் பாத்திரமே இல்லை. சீர் கொடுத்தாலும் பரிசு கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், விசேஷத்தின் பெயர் எல்லாம் அதில் ஏற வேண்டும். அதற்குக் கடையில் சின்ன மின்சார மிஷின் ஒன்று உண்டு. எவர்சில்வரில் வைத்தால் கிர்ர்ரென்று பல்லுக்குள் இறங்கும்.

"மிஷினுக்கு என்ன?" அக்கா திரும்பினாள். "அதுதான் அப்ப ரிப்பேரால்ல கெடந்துச்சு. மூணு வருசம் கோணியப் போட்டு மூடி வச்சிருந்தீகளே."

அத்தான் சட்டைப் பொத்தானைத் தடவினார். "ரிப்பேரு இல்ல."

"என்னது?"

"மிஷினு நல்லாத்தான் இருந்துச்சு. பிள்ளைக்கு ஆகல. நான் சுவிட்சப் போட்டாப் போதும், ஓடிப்போயி பெரிய அண்டாவுக்குள்ள எறங்கி ஒக்காந்துக்கிரும். காதப் பொத்திக்கிட்டு. ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல. நீ அன்னைக்குக் காளையார்கோவிலு போயிருந்தே. மறுநாளு கோணியப் போட்டேன்."

"ரிப்பேருன்னு சொன்னீக."

"சொன்னேன்."

"பேர் வெட்டணும்னு வந்தவுகள எல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்புனீக. என் சொந்தச் சித்தி மக கல்யாணச் சீருக்கு, நானே தட்டத் தூக்கிக்கிட்டு அந்தாளு கடை வாசல்ல போயி நின்னேன். என்ன ஆச்சி, உங்க கடையில மிஷினு இல்லையான்னு அவன் சிரிச்சான். மெக்கானிக்கக் கூப்புடுங்க, கூப்புடுங்கன்னு நான் தெனம் கத்துனேன். நாளைக்கி வாரான், நாளைக்கி வாரான்னு மூணு வருசம் சொன்னீகளே."

"நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. பிள்ளைக்கிக் கொறைன்னு நீ நெனச்சுருவியோன்னு."

லீட்ஸில் உரைபெயர்ப்பாளரின் குரல் ஒண்டையும் விடாமல் வந்துகொண்டிருந்தது. கணவர் மிஷின் பழுதாகவில்லை என்கிறார். மனைவி, எதிர்க்கடை வாசலில் தன்னை நிற்க வைத்ததாகச் சொல்கிறார். கணவர், குழந்தைக்காக என்கிறார். அந்த இடத்தில் குரல் நின்றது. "ஒரு நிமிசம்" என்றது தமிழில், யாரிடம் என்று தெரியாமல். பிறகு மறுபடி தொடங்கியது.

கயல் ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தாள். அவள் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"மாமா. அந்தக் கோணி. அதுல பச்சையா எழுத்து இருக்கும்ல?"

"ஆமாத்தா. யூரியா சாக்கு."

"எனக்கு அது ஞாபகம் இருக்கு."

அக்கா பட்டுத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு கேமராவைப் பார்த்து நேராக உட்கார்ந்தாள், மூன்று வருஷத்துக் கோபத்தை எங்கே இறக்குவது என்று முடிவு செய்துவிட்டவளாக.

"எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள் உரைபெயர்ப்பாளரிடம். "இவரு மட்டும்தான் பிள்ளையக் கவனிச்சாருன்னு ஆகிரக் கூடாது. கல்யாண மேளம் ஆகாது. பலூன் வெடிச்சா ஆகாது. கூட்டம் ஆகாது, தேர் பாக்கத் தூக்கிட்டுப் போயி பாதிக் கும்பிடுல திரும்பி வந்தோம். இட்லியில சட்னி பட்டாத் திங்காது. ஒரே கவுன்தான் போடும், அதே துணியில நான் நாலு தச்சு வச்சிருந்தேன், அவுக அப்பனுக்கே தெரியாது. கட்டிப் புடிச்சாப் பிடிக்காது, ஆனா ராத்திரி என் கால் கட்டைவெரலப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். விளையாட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாக, அதான் கடையில மூடிய வச்சு விளையாடும். எழுதியாச்சா? இதையும் எழுதிக்கங்க. எங்க வீட்டுல இந்தப் பிள்ளையால ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இருந்ததில்ல. பையன் வீட்டுல இதுக்கு மேல என்ன கேட்டாலும் இதுதான் பதிலு."

ஹெலன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, பையன் வீடு என்றால் என்ன என்று கேட்டார்.

6

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. முடிவு முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆம், ஆட்டிசம். அதற்குப் பின்னால் விவரமாகப் பல பக்கங்கள். கயல் அத்தனையையும் இரண்டு முறை படித்தாள், ஓர் இடத்தில் காற்புள்ளி தப்பு என்று ஹெலனுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

நடுவில் ஒரு வரி இருந்தது. குடும்பத்தினர் குழந்தையின் தேவைக்கேற்பச் சூழலைத் தகவமைத்துக்கொண்டனர். அத்தான் சொன்ன பொய்க்கு ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள்.

"திமிர் இல்லையாம்ப்பா" என்றாள் கயல். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள்.

"திமிரும் இருக்கு" என்றாள் சாந்தி, அவளுக்குக் கேட்கும்படி. "அது தனி. உங்க அப்பா வழி."

ஆபீசில் ஒரு மூலை கிடைத்தது, ஜன்னலோடு. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவள் வர வேண்டியதில்லை என்று மேலாளர் எழுத்தில் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கயல் சாப்பிடப் போனாள். ஏன் போனாய் என்று கேட்டேன். இப்போது போகாமல் இருக்க முடியும் அல்லவா, அதனால் போக முடிந்தது என்றாள். இதற்கு நான் ஒரு கவிதை எழுதப் பார்த்தேன். அவள் சொன்னதை விட நீளமாக வந்தது, கிழித்துவிட்டேன்.

அக்காவுக்குக் கயலே போன் செய்து சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அத்தை, எனக்கு ஆட்டிசம்னு உறுதி பண்ணிட்டாங்க."

"சரித்தா. அதுக்கு மருந்து மாத்திரை?"

"ஒண்ணும் கிடையாது. இது வியாதி இல்ல. நான் இப்படித்தான்."

"நீ இப்புடித்தான்னு எனக்குத் தெரியாதா? இதுக்கா ரெண்டு வருசம் வரிசையில நின்னீக? என்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல."

நான் போனைப் பிடுங்கப் போனேன். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நல்ல விசயமா, கெட்ட விசயமா?" என்று அக்கா கேட்டாள்.

கயல் யோசித்தாள். "நல்ல விஷயம்."

"அப்பச் சீரு செய்முறை செய்யணும்" என்றாள் அக்கா. "ஏங்க, பிள்ளைக்கு ஒரு சம்படம் எடுங்க. கனமா. மூடி இறுக்கமா இருக்கறதா."

பின்னால் அத்தானின் குரல். "பேர் வெட்டணும்ல. என்ன விசேசம்னு வெட்டுறது?"

சிக்கல்தான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, பணி ஓய்வு எல்லாவற்றுக்கும் வாசகம் உண்டு. இதற்கு இதுவரை யாரும் பாத்திரம் கொடுத்ததில்லை.

"ஆட்டிசம்னே வெட்டுங்க மாமா" என்றாள் கயல்.

"ஆத்தி, வேணாம்" என்றாள் அக்கா. "வீட்டுக்கு வாரவுக போறவுக சம்படத்தத் திருப்பிப் பாப்பாக."

"பாக்கட்டும் அத்தை."

"எழுத்து கம்மிதான்," என்றார் அத்தான், தொழில் நிதானத்தோடு. "அடங்கிரும்."

"நீங்க சும்மா இருங்க. மூணு வருசம் பொய் சொன்ன வாயி." அக்கா பெருமூச்சு விட்டாள். "என்ன வெட்டணும்னு நான் பாத்துக்கறேன்."

7

சனிக்கிழமை. கயல் சாப்பிட்டாள். தட்டுகள் மூன்றையும் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். டேப்பைக் கத்தரியால் நேர்கோடாக வெட்டினாள், பெட்டிக்குக் காயம் படாமல். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

தினத்தாள் உருண்டைகளுக்கு நடுவில் சம்படம் இருந்தது. காரைக்குடி வெயில் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி மினுங்கியது. அவள் முதலில் மூடியைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். மூடினாள். சரியான மூடி.

பிறகு திருப்பினாள். மிஷின் எழுத்து கோடாக ஓடும். இது அப்படி இல்லை. சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுதியிருந்தது. இந்தக் காலத்தில் இப்படி யாரும் வெட்டுவதில்லை. அவள் விரலால் தடவிப் படித்தாள்.

செல்வி கயலுக்கு
அத்தை மாமா அன்பளிப்பு

விசேஷத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், கொஞ்சம் சின்ன எழுத்தில்:

மிஷினில் வெட்டியது அல்ல

சாந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

கயல் மூடிமேல் நகத்தால் டொக், டொக் என்று தட்டிப் பார்த்தாள். போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள். அத்தான் முகத்தில் பாதி மட்டும் தெரிந்தது, எப்போதும் போல. பின்னால் கடை, அண்டாக்கள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும் குடங்கள்.

"வந்துருச்சாத்தா? மூடி சரியா இருக்கா?"

"இருக்கு மாமா. புள்ளி எல்லாம் ஒரே இடைவெளி."

"மூணு நாளு ஆச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

கயல் கொஞ்ச நேரம் அந்தப் பாதி முகத்தைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாளோ என்னவோ.

"டிசம்பர்ல வரலாமான்னு யோசிக்கிறேன்" என்றாள். "ரெண்டு வாரம். கடை மேலதான் தங்கணும். இப்ப மிஷின் ஓடுதா மாமா?"

"நல்லா ஓடுது" என்றார் அத்தான். அக்கா எங்காவது பக்கத்தில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"என்னைக்கு வர்றேன்னு மட்டும் சொல்லு. மொத நாளே ரிப்பேராயிரும்."